சவரக்கத்தி பிடுங்குகிறதா? சாணைக்கல்லைக் கடைசியில் எடுங்கள்

மண்டபத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஏறி நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் உப்போடுதான் வரும். இந்த ஊரில் இருந்துகொண்டு மடக்குக் கத்தியால் முகம் வழிக்க ஆரம்பித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு முழுக்க ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்தேன். கத்தி லேசாகப் பிடுங்கினால் போதும், கல்லை நனைத்து உட்கார்ந்துவிடுவேன். எஃகு தேய்ந்தது, கோளாறு அப்படியே இருந்தது.

கடைசியில் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஆயுள் முழுக்கக் கத்தி பிடித்த ஒரு சலூன் அண்ணனிடம் போனேன். அவர் தோல் வாரில் பத்து இழுப்பு இழுத்தார், தன் கைமுடியில் வைத்துப் பார்த்தார். "கத்தி நல்லாத்தான் இருக்கு தம்பி. உங்க வீட்டுத் தண்ணியப் பாருங்க" என்றார்.

அதற்குப் பிறகு எந்தக் கோளாறு வந்தாலும் தண்ணீர், முகம், கை, வார், கல் என்ற வரிசையில்தான் தேடுகிறேன். கல்லில் தேய்ந்த எஃகு திரும்பி வராது. மற்ற நான்கையும் செலவில்லாமல் சரிசெய்யலாம்.

நான் சொல்வது முழுக்கத்தியைப் பற்றி, அதாவது பிளேடு மாற்றாமல் தீட்டித் தீட்டியே பயன்படுத்தும் கத்தி. சலூன்களில் இப்போது பெரும்பாலும் இருப்பது பிளேடை இரண்டாக ஒடித்துச் செருகும் கத்தி. ஆளுக்கு ஒரு புது அரை பிளேடு என்பதால் ஹெபடைட்டிஸ் பி, எச்.ஐ.வி. போன்றவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் வழி அடைபடுகிறது. சலூனுக்கு அதுதான் சரி. முழுக்கத்தி ஒரே ஆளுக்கு உரியது. கூடப் பிறந்தவரோடும் பகிர வேண்டாம்.

பேச வசதியாகச் சில பெயர்கள். வெட்டும் ஓரம் வாய், எதிரே இருக்கும் கனமான ஓரம் முதுகு. பிடியை ஒட்டிய பக்கம் அடி, மறுமுனை நுனி. கல்லில் படிந்து தேய்ந்து வாயின் இருபுறமும் உண்டாகும் மெல்லிய பளபளப்பான கோடு சரிவு. வார் என்பது கத்தியைத் தேய்த்தெடுக்கும் பட்டை, ஒரு பக்கம் தோல், மறுபக்கம் துணி.

நுரை எழும்பாமல் திரிந்து போகிறது, கத்தி வறவற என்று ஓடுகிறது

இது தண்ணீர். நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம், கூடவே உப்பும் இருக்கும். சோப்பு அவற்றோடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாகிவிடுகிறது. குளித்த வாளியின் ஓரத்தில் படிகிறதே, அதே திப்பிதான் உங்கள் கன்னத்திலும் இருக்கிறது. நுரை என்று நினைத்து அதன் மேல் கத்தியை ஓட்டினால் எவ்வளவு கூரான வாயும் பிடுங்கத்தான் செய்யும்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஒரே அளவான இரண்டு பாட்டில்களில் ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஊற்றி, ஒரே அளவு சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் நுரை கழுத்துவரை நிற்கும். குழாய்த் தண்ணீரில் கலங்கல் மட்டும் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். கடினத்தன்மையில் ஒரு பகுதிதான் கொதிப்பதில் நீங்கும். உப்பு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கெட்டிப்படும்.

ஒரு சவரத்துக்கு இரண்டு டம்ளர் நல்ல தண்ணீர் போதும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு பாட்டில் தனியே பிடித்து வைத்துவிடுகிறேன். குடத்துக்குக் காத்திருக்கும் ஊரில் சவரத்துக்கு நல்ல தண்ணீரா என்று வீட்டில் கேட்டார்கள். குளிப்பதும் துவைப்பதும் உப்புத் தண்ணீரிலேயே நடக்கட்டும். பிரஷ்ஷை நனைக்கவும், கத்தியை அலசவும், கல்லை நனைக்கவும் மட்டும் நல்ல தண்ணீர்.

நுரை நன்றாக இருக்கிறது, ஆனாலும் இழுக்கிறது

முகத்தைப் பாருங்கள். கடலுக்குப் போய்த் திரும்பியவர், அக்னி தீர்த்தத்தில் முழுகி வந்தவர், வெயிலில் வேர்த்து வந்தவர் எல்லோர் முகத்திலும் உப்பு காய்ந்து படிந்திருக்கும். அதன் மேல் நேராகச் சோப்பைப் போடாதீர்கள். முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, வெதுவெதுப்பான ஈரத் துண்டை இரண்டு மூன்று நிமிடம் தாடி மேல் வைத்திருங்கள். தண்ணீர் ஏறிய முடி இளகி எளிதில் அறுபடும். பிறகு நுரையைப் போட்டு பிரஷ்ஷால் ஒரு நிமிடமாவது தேயுங்கள்.

அப்புறம் கை. புதிதாகத் தொடங்குபவர் பயத்தில் கத்தியை நிமிர்த்திப் பிடிக்கிறார். நிமிர்த்தினால் வாய் முடியை அறுக்காமல் சுரண்டும். கன்னத்துக்கும் கத்திக்கும் இடையில் சுமார் 30 டிகிரி இருக்க வேண்டும். டிகிரியைக் கண்ணாடியில் அளக்க முடியாது என்பதால், முதுகு கன்னத்திலிருந்து அதன் கனத்தைப் போல ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு தூக்கி இருந்தால் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். தோல் தளர்ந்திருந்தால் கத்திக்கு முன்னால் அலையாக எழும்பும், அங்கேதான் வெட்டும் விழும்.

முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று இரண்டு நாள் தாடியில் விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கும் பக்கம்தான் முடி சாயும் பக்கம். கழுத்தில் அது பெரும்பாலும் நேர் கீழாக இருக்காது, பக்கவாட்டில் திரும்பியிருக்கும். முதல் சில மாதங்களுக்கு முடி சாயும் பக்கமாகவே வழியுங்கள்.

எரிகிறது, செம்புள்ளி வருகிறது

அழுத்தம் அதிகம், அல்லது ஒரே இடத்தில் பலமுறை ஓட்டுகிறீர்கள். கத்தியின் எடையே போதும். நுரை போன இடத்தில் கத்தி வைக்கக் கூடாது, மறுபடி நுரை போட்டுத்தான் ஓட்ட வேண்டும். முடி உள்ளே சுருண்டு வளர்ந்து கொப்புளமாகிற தோலாக இருந்தால் எதிர்த்திசைச் சவரத்தை விட்டுவிடுங்கள். வழித்த பிறகு படிகாரக் கல்லை நனைத்து ஒருமுறை தடவிக் கழுவலாம். எங்கெல்லாம் சுரீர் என்கிறதோ அங்கெல்லாம் அழுத்தியிருக்கிறீர்கள் என்று படிகாரமே காட்டிக்கொடுக்கும்.

வெட்டு விழுகிறது

உதட்டோரம், மோவாய், குரல்வளை மேடு, காதுக்குக் கீழே தாடை திரும்பும் இடம் ஆகியவைதான் வெட்டு விழும் இடங்கள். முதல் இரண்டு வாரம் கன்னத்தை மட்டும் கத்தியால் வழித்து, மிச்சத்தைப் பழைய ரேசரால் முடியுங்கள். நான் ஒரு மாதம் அப்படித்தான் செய்தேன், அதனால் மோவாயில் வடு இல்லை.

கத்தி முன்னால் போகலாம், எடுக்கலாம். வாயின் நீளவாக்கில் பக்கமாக வழுக்கவே கூடாது, ஆழமான வெட்டுகள் அப்படித்தான் விழுகின்றன. கை தவறினால் பிடிக்கப் போகாதீர்கள், கீழே விழட்டும். சிறு வெட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர், பிறகு படிகாரம், பிறகு சுத்தமான துணியால் அழுத்தம். பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தப் பழக்கத்தை ஆரம்பிக்க வேண்டாம்.

போன வாரம் வழுக்கிக்கொண்டு போன கத்தி இந்த வாரம் மொக்கையாகிவிட்டது

இந்தக் கடற்கரையில் அதிகம் வரும் கோளாறு இதுதான். இரண்டு காரணங்கள் உண்டு: ஒன்று வார், இன்னொன்று துரு.

வாரில் கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னால் இழுபட வேண்டும். முதுகும் வாயும் தோலை விட்டு எழும்பவே கூடாது. கோடியில் திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும். வேகமாகச் செய்து பழகியவரைப் பார்த்து நாமும் வேகமாக இழுத்தால், திரும்பும் நொடியில் முதுகு எழும்பி வாய் மடங்கிவிடும். ஒரே ஒரு தவறான திருப்பம் போதும், ஐம்பது நல்ல இழுப்பும் வீண். வார் தொய்ந்திருந்தாலும் இதே கதை, தோலின் வளைவு விளிம்பை உருட்டி மழுக்கிவிடும். வாரை இறுக்கிப் பிடித்து, துணிப் பக்கம் இருபது, தோல் பக்கம் ஐம்பது முறை மெதுவாகப் போய் வாருங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தும் மாற்றம் இல்லையென்றால், குரோமியம் ஆக்சைடு என்ற பச்சைப் பூச்சு தடவிய தனி வாரில் பத்துப் பதினைந்து இழுப்பு. பெரும்பாலும் கத்தி இதிலேயே உயிர்பெற்றுவிடும்.

இப்போது துரு. அடுப்படியில் இருக்கும் உப்பு ஜாடி ஐப்பசி கார்த்திகையில் நசநசத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அது இன்னும் வறண்ட காற்றிலேயே ஈரம் இழுக்கும். வாலிநோக்கத்து உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஆகவே நீங்கள் துடைத்துக் காயவைத்த கத்தியில் கண்ணுக்குத் தெரியாத உப்பு ஒட்டியிருந்தால், அது இரவெல்லாம் தனக்கென்று ஒரு துளி உப்புத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு எஃகைத் தின்கிறது. கத்தி வாய் ஒரு மைக்ரானுக்கும் மெல்லியது. முதுகில் பழுப்புப் புள்ளி தெரிவதற்கு முன்பே வாய் கெட்டிருக்கும்.

1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை நூறு ஆண்டுக்கு மேல் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தே காப்பாற்றினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலோக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அத்தனை கனமான இரும்புக்கே இந்தப் பாதுகாப்பு வேண்டியிருக்கிறது. நான் என் முதல் கத்தியைக் குளியலறை ஜன்னல் கட்டையில் வைத்திருந்தேன், கடலைப் பார்த்த ஜன்னல். கச்சான் காற்று வீசும் மாதம் அது. நான்காம் நாள் வாய் முழுக்க ஊசி குத்தினாற்போலப் புள்ளிகள். அந்தக் கத்தியை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது நான் செய்வது இது. சவரம் முடிந்ததும் கத்தியை நல்ல தண்ணீரில் அலசுகிறேன். மெல்லிய பருத்தித் துணியால் முதுகிலிருந்து வாய்ப் பக்கமாகத் துடைக்கிறேன், வாயின் நீளவாக்கில் துடைத்தால் துணியும் விரலும் அறுபடும். பிடிக்குள் ஆணி இருக்கும் மூட்டில்தான் தண்ணீர் ஒளிந்துகொள்ளும், அங்கே துணி முனையை நுழைத்து எடுக்கிறேன். வாரின் துணிப் பக்கத்தில் பத்து இழுப்பு இழுத்தால் மிச்ச ஈரமும் போகும். கடைசியாகத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, விரலால் அல்லாமல் பஞ்சால் தடவி. தேங்காய் எண்ணெயும் அவசரத்துக்கு உதவும், ஆனால் நாளானால் பிசுக்குப் பிடிக்கிறது. மறுநாள் எண்ணெயை முழுவதும் துடைத்த பிறகே வாரில் வைக்க வேண்டும், எண்ணெய் குடித்த தோல் கத்தியைச் சரியாகப் பிடிக்காது.

வைக்கும் இடம் பீரோ. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். தோல் உறையில் வைக்காதீர்கள். தோல் ஈரம் பிடிக்கும், பதனிட்ட மருந்தின் மிச்சமும் அதில் இருக்கும். இன்னொன்று, தாத்தா காலத்துக் கத்தியின் பிடி செல்லுலாய்டாக இருந்தால் அதை முகர்ந்து பாருங்கள். கற்பூரமும் புளிப்பும் கலந்த காரமான நெடி அடித்து, பிடிக்குள் மறையும் இடத்தில் மட்டும் துரு படர்ந்திருந்தால் பிடியே அழுகுகிறது என்று பொருள். அதிலிருந்து வரும் அமிலப் புகைதான் எஃகைத் தின்கிறது. பிடியை மாற்றாமல் அந்தத் துரு நிற்காது.

சாம்பலாகவோ கறுப்பாகவோ படியும் கறை பரவாயில்லை, அது கார்பன் எஃகின் இயல்பு. சிவந்து பொடியாக எழும்புவதைத்தான் உடனே எடுக்க வேண்டும். உலோகப் பாலிஷ் தொட்ட துணியால் முதுகுப் பக்கத்திலிருந்து தேயுங்கள். வாயை ஒட்டி உப்புத்தாள் வேண்டாம். புள்ளி வாய்வரை வந்துவிட்டால்தான் கல்.

ஸ்டெயின்லெஸ் எஃகில் செய்த நல்ல மடக்குக் கத்திகள் ஜெர்மனியின் ஸோலிங்கனிலிருந்து வந்திருக்கின்றன. கல்லில் கூர் ஏற்றக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். புதிதாக வாங்கப் போகிற கடற்கரைக்காரருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

புதுக் கத்தி முதல் நாளே பிடுங்குகிறது

கடையிலிருந்து வரும் எல்லாக் கத்தியும் சவரத்துக்குத் தயாராக வருவதில்லை. முன்கை முடியின் மேல், தோலைத் தொடாமல் அரை சென்டிமீட்டர் உயரத்தில் ஓட்டுங்கள். முடி நுனிகள் சத்தமில்லாமல் அறுந்தால் நல்லது. அறுபடவில்லை என்றால் அதற்கு இன்னும் கல் வேலை பாக்கி. முதல் கூரை அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து ஏற்றிக்கொள்ளுங்கள். நல்ல கூர் எப்படி இருக்கும் என்று முகத்துக்குத் தெரியாமல், நாமே ஏற்றிய கூர் போதுமா என்று எதை வைத்துச் சொல்வது?

மிக மலிவான கத்திகள் வேறு ரகம். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், எஃகு சரியாகப் பதம் ஏறியிருக்காது. கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வையுங்கள். முதுகும் வாயும் முழு நீளத்துக்குப் படியாமல் ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் சவரக்கத்தியைக் கொடுக்காதீர்கள். அரிவாள்மனையையும் மீன் வெட்டும் கத்தியையும் அவரைப் போல யாரும் தீட்ட முடியாது. ஆனால் சுழலும் சக்கரத்தில் இந்த மெல்லிய வாய் நொடியில் சூடேறிவிடும். சவரக்கத்தி எஃகுக்குக் கடைசிப் பதம் ஏறியது 200 டிகிரி செல்சியஸ் சுற்று வட்டாரத்தில். அதைத் தாண்டிச் சூடேறினால் எஃகு இளகுகிறது. நீலம் பாய்ந்த இடத்தில் இனி எந்தக் கல்லாலும் கூர் நிற்காது.

கல்லில் எவ்வளவு நேரம் தேய்த்தாலும் கூர் ஏறவில்லை

எல்லாம் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள் என்றால் சரி, கல்லை எடுக்கலாம். ஆனால் முதலில் கல்லையே சோதியுங்கள். கல் நடுவில் குழிந்திருந்தால் இரு பக்கச் சரிவும் விளிம்பில் ஒருநாளும் சேராது. பென்சிலால் கட்டம் போட்டு, தட்டையான கண்ணாடி மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்துத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். நடுவில் பென்சில் கோடு மிச்சமிருந்தால் அது போகும்வரை தேய்க்க வேண்டும். எல்லாக் கல்லுக்கும் இதைச் செய்யுங்கள்.

பிறகு மார்க்கர் பேனாவால் சரிவின் இரு பக்கமும் மை பூசி, 1000 நம்பர் கல்லில் (நம்பர் ஏற ஏறக் கல் நுண்மையாகும்) ஐந்து இழுப்பு. வாரில் போனதற்கு நேர் மாறாக இங்கே வாய் முன்னே போக வேண்டும், முதுகும் வாயும் இரண்டும் கல்லில் படிந்தபடி. பூதக்கண்ணாடியில் பாருங்கள். மை விளிம்பின் கடைசிக் கோட்டில் மட்டும் மிச்சமிருந்தால், கல் இன்னும் விளிம்பைத் தொடவே இல்லை. பெரும்பாலான "கூர் ஏறவில்லை" புகார்களுக்கு இதுதான் காரணம். 1000-இல் முடியாத வேலையை 8000-இல் முடிக்க முடியாது. பெரிய நம்பர் கல் எஃகைப் பளபளப்பாக்கும், வாயைச் சேர்க்காது. அதனால் 1000-இலேயே இருங்கள், இரு பக்கமும் சம எண்ணிக்கையில். விளக்குக்கு நேராக வாயை நிமிர்த்திப் பார்த்தால் மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். அது முழுவதும் மறைந்து, அடியிலிருந்து நுனிவரை எந்த இடமும் கைமுடியைத் தோலோடு ஒட்டி வழித்தால் அஸ்திவாரம் முடிந்தது.

மேலே போகப் போக அழுத்தத்தைக் குறையுங்கள். 5000-இல் நாற்பது, 8000-இல் முப்பது, 12000-இல் இருபது முறை போய் வந்தால் எனக்குப் போதுமாக இருக்கிறது. கடைசி இழுப்புகளில் கத்தியின் எடை தவிர வேறு எதுவும் வேண்டாம். சமையல் கத்தியைப் போல் பிசிறு எழும்பும்வரை ஒரே பக்கம் தேய்க்காதீர்கள். எழும்பிய பிசிறு ஒடியும்போது வாயையும் கூட்டிக்கொண்டு போகும்.

நடுவில் மட்டும் வழிக்கிறது, நுனியும் அடியும் வெட்டவில்லை

கல் பெரும்பாலும் கத்தி வாயைவிட அகலம் குறைந்தது. நேராக ஓட்டினால் ஒரு பகுதி விடுபடும். அடியில் தொடங்கி, குறுக்காக நகர்த்தி, நுனியில் முடியுங்கள். அப்படியும் ஒரு கோடி விடுபட்டால் கத்தி லேசாக வளைந்திருக்கும். மை பூசிப் பார்த்து, மை அழியாத இடத்துக்கு மட்டும் கையின் எடையைச் சற்று மாற்றிக் கொடுங்கள்.

விளிம்பில் பல் பல்லாகத் தெரிகிறது

குழாயில் இடித்தீர்களா என்று முதலில் யோசியுங்கள். இல்லையென்றால் மணல். காற்றடிக்கும் நாளில் எங்கள் வீட்டுத் தரையில் காலையில் கூட்டியது மதியம் மறுபடி படிந்திருக்கும். ஒரே ஒரு மணி மணல் கல்லின் மேலோ வாரின் மேலோ கிடந்தால், அடுத்த இழுப்பில் வாயில் பல் விழும். கல் வேலைக்கு உட்காரும்போது ஜன்னலைச் சாத்துங்கள். வாரை வெளியே தொங்கவிடாமல் துணியில் சுற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகே கத்தியை வையுங்கள்.

சிறு பற்களுக்கு 5000 போதும். பூதக்கண்ணாடி இல்லாமலே கண்ணுக்குத் தெரிகிற பல் என்றால் 1000-இலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள்.

வாரில் வெட்டு விழுந்துவிட்டது

ஆழமில்லாத கீறல் என்றால், தூக்கி நிற்கும் தோலின் ஓரத்தை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மட்டம் செய்துவிட்டு, தூசியைத் துடைத்துத் தொடர்ந்து பயன்படுத்தலாம். மடல்போல் பிளந்திருந்தால் அடியில் ரப்பர் பசை தடவி அழுத்தி, மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்து ஓரிரவு விடுங்கள். காலையில் விரல் நகத்தை இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் தட்டவில்லை என்றால் கத்தியை வைக்கலாம்.